வெள்ளத்தில் பெயர் தொலைத்த இசைத்தட்டுகள்

வெள்ளம் வடிந்து வீடு திரும்பிய காலையில் நான் முதலில் சமையலறைக்குப் போனேன். என் கணவர் நேராகக் கூடத்து மூலையில் இருந்த மர அலமாரிக்குப் போனார். குளிர்சாதனப் பெட்டி குப்புற விழுந்து கிடந்தது. அடுப்பு மேடை முழுக்கச் செம்மண் சேறு. எங்கிருந்து கழுவத் தொடங்குவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் கஞ்சி மாதிரி ஒழுகும் காகிதம். இசைத்தட்டுகளைப் போட்டு வைத்திருந்த உறைகள் அவை.

"எல்லாம் போச்சு," என்றார்.

நாங்கள் ஜொகூரில், ஆயர் ஈத்தாமில் ஒரு பழைய தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். மாடி இல்லாத வரிசை வீடு. மழைக் காலத்தில் சாக்கடை நிரம்பி வாசல்வரை தண்ணீர் வருவது எங்களுக்குப் பழக்கம்தான். அந்த வருடம் வாசலோடு நிற்கவில்லை. பொம்பா தீயணைப்புக்காரர்கள் படகோடு வந்து கதவைத் தட்டியபோது கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. வீட்டுப் பத்திரம், மாத்திரைகள், நான் திருத்திக்கொண்டிருந்த மாணவர்களின் தேர்வுத்தாள்கள், இவ்வளவுதான் பையில் அடங்கியது. இசைத்தட்டுகளை எப்படித் தூக்குவது? அந்தக் காலத்துத் தட்டு ஒவ்வொன்றும் பீங்கான் தட்டு மாதிரி கனக்கும், கீழே போட்டால் அதேபோல உடையும். முடிந்த அளவு எடுத்துக் கட்டில்மேல் அடுக்கினார். தண்ணீர் கட்டிலையும் தாண்டிவிட்டது.

வெள்ள நிவாரண மையம் நான் கணக்குப் பாடம் நடத்தும் பள்ளியின் மண்டபத்திலேயே இருந்தது. என் மாணவர்கள் பாய் விரித்துப் படுத்திருக்கும் இடத்தில் நானும் பாய் விரித்துப் படுத்தேன். அவர் தூங்கவில்லை. மண்டபத்துச் சன்னல் பக்கம் நின்று மழையைப் பார்த்தபடியே இருந்தார்.

அவருக்கு ஜாஸ் பைத்தியம் பிடித்தது எப்படி என்று எனக்கே சரியாகத் தெரியாது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் மின்பணியாளர். வாரம் முழுக்க அங்கே விடுதியில் தங்குவார், சனிக்கிழமை சாயங்காலம் பாலம் கடந்து வருவார். கல்யாணமான புதிதில் ஒருநாள் அங்கே பழைய பொருள் சந்தையில் வாங்கினேன் என்று ஒரு கறுப்புத் தட்டைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்னால் கறுப்பின மக்கள் வாசித்த வாத்தியக் கச்சேரி. அரக்கில் செய்த, நிமிடத்துக்கு எழுபத்தெட்டு முறை சுற்றும் தட்டு. ஒரு பக்கம் மூன்று நிமிடம்கூட ஓடாது. எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற இரைச்சலுக்குள்ளே டிரம்பெட்டும் கிளாரினெட்டும் சண்டை போடுவது கேட்டது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"சண்டை எப்ப முடியும்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டு மறுபடியும் போட்டார். அதற்குப் பிறகு தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. சிங்கப்பூர்ச் சந்தையில் கிடைத்தவை சில. பினாங்கிலிருந்து ஒருவர் அனுப்பியவை சில. பண்டார் தெங்காரா பக்கம் ஒரு பழைய துரை பங்களாவை இடித்தபோது, இடிக்க வந்த குத்தகைக்காரரிடம் பேசி ஒரு மரப்பெட்டி நிறையத் தட்டுகளை வாங்கி வந்தார். வெள்ளைக்காரத் துரை தோட்டத்தில் தனியாக உட்கார்ந்து இதைத்தான் கேட்டிருப்பார் போல என்று எங்கள் மகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பசியாறிவிட்டுக் கூடத்தில் தட்டுப் போட உட்கார்ந்துவிடுவார். தட்டைக் கையில் எடுத்து, நடுவே வட்டமாக ஒட்டியிருக்கும் பெயர்த்தாளைப் படித்து, யார் வாசித்தது, எந்த ஊரில் பதிவு செய்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பிறகுதான் முள்ளை வைப்பார். நான் பக்கத்து அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளைகளின் கணக்குப் புத்தகங்களைத் திருத்துவேன். கதவைச் சாத்தினால் வேர்த்துக் கொட்டும். அதனால் திறந்தே வைத்தேன். அவ்வளவுதான் எனக்கும் ஜாஸுக்கும் இருந்த உறவு என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

சேற்றிலிருந்து தட்டுகளை எடுக்கும் வேலை நாள்கணக்கில் போனது. உறைகள் எல்லாம் கூழாகிவிட்டிருந்தன. அதைவிட மோசம், பெயர்த்தாள்கள் தட்டைவிட்டுக் கழன்றுபோனது. சிவப்பு, நீலம், கறுப்பு என்று வண்ண வண்ணமாகச் சேற்றுத் தண்ணீரில் மிதந்தன. தொட்டால் விரலோடு கரைந்தன. உள்ளே அட்டை வைத்து அழுத்திச் செய்த தட்டுகள் சில ஊறி உப்பி, பிளந்துவிட்டன. அவற்றைக் காப்பாற்ற வழியில்லை. முழுக்க அரக்கில் செய்தவை மட்டும் சேற்றைத் துடைத்தால் பளபளவென்று இருந்தன. அரக்கைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது.

எங்கள் மகள் ஸ்கூடாயில் வேலை செய்கிறாள். விடுப்பு எடுத்து உதவிக்கு வந்தவள் மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒரு தட்டைத் துடைக்கப் போனாள். அவள் அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஸ்பிரிட்டு பட்டா அரக்கு கரைஞ்சிரும் மா. வெள்ளம் விட்டு வச்சத நீ முடிச்சிராத."

"சொன்னாதானே தெரியும் பா," என்றாள் அவள்.

பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சமாகக் கரைத்து, பழைய மென்துணியால் வட்டம் போகும் திசையிலேயே துடைத்தோம். காய வைக்க இடமில்லை. வெயிலில் வைத்தால் அரக்கு வளைந்துவிடும். நிழலில், காற்றுப்படும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும். முக்கியச் சாலையில் மண்பாண்டக் கடை வைத்திருக்கும் சீன முதலாளி தவ்க்கேயின் பேத்திக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அவர் கடைக்குள் வெள்ளம் வரவில்லை. பானைகளைக் காய வைக்கும் மரச் சட்டங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் இறக்கினார்.

"சிக்கு, இதுல என்ன காய வைக்கப் போறீங்க, தோசையா?" என்று மலாயில் கேட்டார். ஆசிரியர்களை எல்லோரும் அப்படித்தான் சிக்கு என்று கூப்பிடுவார்கள்.

"பாட்டு, தவ்க்கே," என்றேன்.

அவர் ஒரு தட்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

தட்டுகள் காய்ந்தன. என் கணவர் மட்டும் தேறவில்லை. மரச் சட்டத்தில் வரிசையாக நிற்கும் கறுப்பு வட்டங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எல்லாம் ஒரே மாதிரி. நடுவில் பெயர் இருந்த இடத்தில் வெறும் பசைக்கறை.

"எது யாருன்னு தெரியல," என்றார் ஒருநாள். "பேர் தெரியாத பிணம் மாதிரி கிடக்குது எல்லாம்."

"போட்டுக் கேட்டா தெரிஞ்சிடாதா?"

"மெஷினும்தான் போச்சே. கேட்டு மட்டும் என்ன பண்றது. நான் எப்பவும் பேரப் படிச்சிட்டுதான் கேட்டிருக்கேன்."

ஒரு போர்வையால் சட்டங்களை மூடிவிட்டுச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அடுத்த வாரமும் போர்வையை எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், கதவு மாற்ற வேண்டும், அரசாங்க உதவிக்கு மனு போட வேண்டும் என்று வேலைகளைப் பற்றியே பேசினார். ஞாயிற்றுக்கிழமைகள் சத்தமில்லாமல் போயின. எனக்குத் திருத்தும் வேலை வேகமாக முடிந்தது. அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஸ்கூடாயில் அவருக்கு ஒரு நண்பர் உண்டு. பல்கலைக்கழகத்தில் பொறியியல் நடத்தி ஓய்வு பெற்ற மலாய்க்காரர். நாங்கள் அவரை மலாயில் ஐயா என்ற பொருளில் என்சிக் என்று அழைப்போம். அவரும் பழைய இசைத்தட்டுகள் சேர்ப்பவர். மாதம் ஒருமுறை தன் வீட்டில் பத்துப் பேரைக் கூட்டி வைத்துத் தட்டுப் போட்டுக் கேட்பார். அவருக்கு நானே அலைபேசியில் பேசினேன். உங்களிடம் கூடுதலாக ஒரு சுழல்தட்டுக் கருவி இருந்தால் கொஞ்சநாள் கடன் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

மறுநாளே அவர் காரில் வந்துவிட்டார். கருவியோடு ஒலிபெருக்கிகளையும் கொண்டுவந்திருந்தார். "அவரிடம் நீங்கள் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். நானாகக் கொண்டுவந்ததாக இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கருவியைப் பார்த்தார். அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மின்சார வேலைக்காரருக்குக் கம்பிகளை மாட்டாமல் இருக்க முடியுமா? மாட்டினார். நான் பக்கத்து அறையில் சுவரில் பூசணக்கறை படிந்த இடத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டத்திலிருந்து கைக்கு வந்த ஒரு தட்டை எடுத்துப் போட்டார். கடுகு பொரிந்தது. மெதுவாக, கனமாக டியூபா நடக்கத் தொடங்கியது.

"மாமியார் வந்துட்டாங்க," என்றேன், தூரிகையை நிறுத்தாமல்.

முள்ளைத் தூக்கிவிட்டு அறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன சொன்ன?"

"அந்தப் பாட்டு. மாமியார் படியேறி வர்ற மாதிரி ஆரம்பிக்கும்ல. தம் தம்னு. கடைசியில கிளாரினெட்டு ஒளிஞ்சிக்க எடம் தேடி ஓடும்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கூடத்துக்குப் போய் வேறொன்றைப் போட்டார். இரண்டு சுரம்தான் கேட்டிருக்கும்.

"மீன்சட்டி."

"மீன்சட்டியா?"

"டிரம்ஸ்காரன் கரண்டிய சட்டி விளிம்புல தட்டுற மாதிரியே தட்டுவான். நடுவுல பியானோ தனியா வாசிக்கும். அப்புறம் எல்லாரும் சேந்து கத்துவாங்க."

"நியூயார்க்ல எடுத்தது," என்றார் மெதுவாக. பாட்டின் பெயரையும் இசைக்குழுவின் பெயரையும் சொன்னார். முகம் மாறிவிட்டிருந்தது. "நடுவுல பியானோ வரும்னு சொன்னியே, அத வச்சுதான் கண்டுபுடிச்சேன்."

நான் தூரிகையை வாளியில் போட்டுவிட்டுக் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அன்று மத்தியானச் சோற்றை நாங்கள் சமைக்கவில்லை. அவர் ஒவ்வொரு தட்டாகப் போட, நான் சொல்லிக்கொண்டே வந்தேன். இருமல், ஏனென்றால் தொடக்கத்தில் யாரோ இருமுவார். லாரி, ஏனென்றால் டிராம்போன் மலையேற முடியாத மரலாரி மாதிரி முக்கும். காஸ் தீர்ந்த பாட்டு, ஏனென்றால் முதன்முதலில் அதை அவர் போட்ட நேரத்தில் அடுப்பு அணைந்துவிட்டது. அந்தப் பெயர்களை நான் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்றும் நினைத்ததில்லை. இத்தனை வருடம் பக்கத்து அறையில் உட்கார்ந்து, பெயர் எதையும் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். தட்டுகள் எனக்கு எப்போதுமே பெயர்த்தாள் இல்லாமல்தான் இருந்திருக்கின்றன.

அவருக்கு ஒரு யோசனை வந்தது. தட்டில் முள் ஓடும் வரிகள் முடிந்து, பெயர்த்தாள் ஒட்டும் இடத்துக்கு முன்னால் ஒரு வழுவழுப்பான வளையம் உண்டு. பதிவு செய்த கம்பெனி தனது எண்ணை அதில் பொறித்திருக்கும். சில கம்பெனிகள் பெயர்த்தாளுக்கு அடியில் மறைகிற இடத்திலும் பொறிக்கும். அந்த எண்ணை இணையத்தில் தேடினால் எந்தப் பாட்டு என்று கிடைத்துவிடும். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால் எண் தெரிகிறது.

"நீ கேட்டுச் சொல்லு. நாம ரெண்டு பேரும் பேர முடிவு பண்ணுவோம். அப்புறம்தான் எண்ணப் பார்ப்பேன். முன்னாடி பாக்க மாட்டேன்."

"பரீட்சை வைக்கிறீங்களா எனக்கு?"

"நீ வச்சுப் பழகினவதானே. இப்ப எழுதிப் பாரு."

நான் ஒலியைச் சொல்வேன். அவர் நினைவிலிருந்து பெயரை எடுப்பார். பிறகு விளக்கு, அலைபேசி, தேடல். சரி. மறுபடியும் சரி. எண் ஒத்துப்போகும் ஒவ்வொரு தடவையும் அவர் தொடையைத் தட்டினார். ஒன்றில் மட்டும் தவறினேன். இதுவும் மாமியார்தான் என்று அடித்துச் சொன்னேன். எண்ணைப் பார்த்தால் வேறு இசைக்குழு, வேறு ஊர். எனக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. அவர் அலைபேசியில் இன்னும் கொஞ்சம் தேடினார்.

"குழு வேறதான். டியூபா வாசிச்ச ஆள் ஒரே ஆளு. ரெண்டுலயும் அவரேதான்."

"அப்ப பாதி மார்க் குடுங்க."

"முழுசாவே எடுத்துக்க," என்றார்.

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளும் அப்படியே போயின. நாங்கள் பெயர் கண்டுபிடித்த தட்டுகளுக்கு மகள் புதிய காகித உறைகள் வாங்கி வந்து எழுதி ஒட்டினாள். அப்பா சொல்லும் பெயர் மேலே, அம்மா வைத்த பெயர் கீழே. மீன்சட்டி என்று எழுதும்போது அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒருநாள், துரை பங்களாவில் கிடைத்த மரப்பெட்டியைச் சேர்ந்த தட்டு ஒன்று வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்று இப்போது தைரியமாகச் சொல்வேன். டிரம்பெட் மேலே மேலே ஏறி, இனி ஏற இடமில்லை என்று நிற்கும். ஒரு நொடி எல்லா வாத்தியமும் அடங்கும். அந்த இடைவெளியில் பின்னாலிருந்து யாரோ ஒருவர் குபீரென்று சிரித்துவிடுவார். சந்தோஷம் தாங்காமல் வந்த சிரிப்பு. அதற்குப் பிறகு டிரம்பெட்காரர் வாசிப்பதே வேறு மாதிரி இருக்கும், தானும் சிரித்துக்கொண்டே ஊதுவது போல.

"சிரிப்பு," என்றேன், தட்டு தொடங்கியதுமே.

பெயர் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. எண்ணைப் பார்த்தார். அதுவும் சரியாக வந்தது. ஆனால் விளக்கைக் கீழே வைக்காமல் தட்டை இப்படியும் அப்படியும் சாய்த்தார். எண்ணின் பெரும்பகுதி பெயர்த்தாள் ஒட்டியிருந்த பகுதிக்குள் இருந்தது. வெள்ளம் அந்தத் தாளைக் கழற்றாமல் இருந்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்கவே முடியாது. எண்ணுக்குப் பிறகு ஒரு சிறு கோடு, கோட்டுக்குப் பிறகு ஒன்று என்று இருந்தது.

"எல்லா எடத்துலயும் ரெண்டுன்னுதான் போட்டிருக்கு," என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். அந்தக் காலத்தில் ஒரே பாட்டைப் பதிவுக்கூடத்தில் இரண்டு மூன்று முறை வாசிக்கவைத்துப் பதிவு செய்வார்கள். ஒவ்வொன்றும் ஒரு டேக். அதில் நன்றாக வந்த ஒன்றை வெளியிடுவார்கள், மற்றதை அழித்துவிடுவார்கள். கோட்டுக்குப் பிறகு வரும் எண் எத்தனையாவது டேக் என்று சொல்கிறது. உலகத்தில் எல்லோரிடமும் இருப்பது இரண்டாவது டேக்.

"இணையத்துல இருக்கிறதப் போடுங்க," என்றேன்.

அலைபேசியில் போட்டார். டிரம்பெட் ஏறியது, நின்றது, எல்லாம் அடங்கியது. சிரிப்பு இல்லை. நேராக அடுத்த பகுதிக்குப் போய்விட்டது.

"சிரிப்பு எங்க?"

"கம்ப்யூட்டர்ல இரைச்சல எடுக்கிறப்ப அதையும் எடுத்திருப்பாங்கன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றார். "விடுதியில ஃபோன்ல கேக்கிறப்பல்லாம் அப்படித்தான் நெனச்சேன்."

"சிரிப்ப எடுத்தாங்க சரி. டிரம்பெட்ட எப்படி மாத்துவாங்க? அடுத்து வர்றது இதுல எறங்குது. நம்ம தட்டுல மேல போகும். போட்டுப் பாருங்க."

மறுபடி தட்டு, மறுபடி அலைபேசி. இரண்டையும் மாறி மாறிக் கேட்டோம். நான் ஒரு தாளில் மேலே கீழே என்று கோடு போட்டுக் காட்டினேன், வகுப்பில் வரைபடம் போடுகிற மாதிரி. இரண்டு கோடும் ஒரே இடத்தில் தொடங்கி, சிரிப்புக்குப் பிறகு முற்றிலும் பிரிந்துபோயின. அவர் நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"இது வேற டேக்," என்றார். "நம்ம வீட்டுல இத்தன வருஷமா இருந்திருக்கு."

என்சிக் அன்று மத்தியானமே வந்தார். அவரும் கேட்டார், விளக்கைச் சாய்த்து எண்ணைப் பார்த்தார், என் கோடுகளைப் பார்த்தார். சும்மா ஆர்ப்பாட்டம் பண்ணுகிற ஆள் இல்லை அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதை யார் முதலில் கவனித்தது?" என்று மட்டும் கேட்டார்.

என் கணவர் என்னைக் காட்டினார். விரலால் காட்டாமல், கூட்டத்தில் ஒருவரை மேடைக்கு அழைக்கிற மாதிரி கையை நீட்டிக் காட்டினார்.

வெளிநாட்டில் பழைய ஒலிப்பதிவுகளைப் பாதுகாக்கும் ஓர் ஆவணக் காப்பகத்துக்கு என்சிக் எழுதினார். எண்ணின் படத்தையும் ஒலியையும் அனுப்பினோம். பதில் வரும்வரை நாங்கள் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேசினால் கலைந்துவிடுமோ என்று இருந்தது. நான் பள்ளியில் மூன்றாம் படிவ மாணவர்களுக்குச் சமன்பாடுகள் நடத்திக்கொண்டிருந்தேன். இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு வந்து அலைபேசியைப் பார்த்தால் அவரிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். கப்பல் பட்டறையில் வேலை நேரத்தில் அவர் அழைத்ததே கிடையாது. பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"பதில் வந்திருக்கு," என்றார். பின்னால் இரும்பு அடிக்கும் சத்தம். "அவங்ககிட்ட அந்த டேக் இல்லையாம். வேணாம்னு ஒதுக்கினதா கம்பெனிக் குறிப்புல இருக்காம். தவறிப்போய்க் கொஞ்சம் தட்டு அதுலருந்து அழுத்தியிருக்கணும்னு சொல்றாங்க. ஒன்னு கூட கெடச்சதில்ல இதுவரைக்கும்னு எழுதியிருக்காங்க."

"இப்ப?"

"இப்ப கெடச்சிருச்சு. நம்மகிட்ட இருக்கு லா."

எதிரே உட்கார்ந்திருந்த அறிவியல் ஆசிரியை நல்ல செய்தியா என்று சைகையில் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். என்ன செய்தி என்று அவர் கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளிடம் இன்றைக்கு வீட்டுப்பாடம் இல்லை என்று சொன்னேன். அவர்கள் நம்பவில்லை.

தட்டைத் தபாலில் அனுப்ப வேண்டாம், உடைந்தால் போச்சு, அங்கேயே நல்ல தரத்தில் பதிவு செய்து அனுப்புங்கள் என்று காப்பகத்தார் கேட்டுக்கொண்டார்கள். என்சிக் வீட்டில் அதைச் செய்தோம். தட்டின் வரிகளுக்கு ஏற்ற முள் எது என்று அவரும் என் கணவரும் ஒரு காலை முழுக்க வாதாடினார்கள். எதில் சிரிப்பு தெளிவாகக் கேட்கிறதோ அந்த முள் என்று நான் சொன்னதும் வாதம் முடிந்தது. சில வாரங்களில் காப்பகத்தின் இணையப் பக்கத்தில் பாட்டின் கீழே இரண்டு டேக்குகளும் அடுத்தடுத்து நின்றன. முதலாவது டேக்குக்கு நேரே எங்கள் இருவர் பெயரும், மலேசியா, ஜொகூர் என்றும் இருந்தன. என் பெயர் முதலில் இருந்தது. காப்பகத்துக்கு விவரங்களை நிரப்பி அனுப்பியவர் அவர்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அந்த மாதம் என்சிக் வீட்டில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். ஸ்கூடாய்ச் சாலை நெரிசலில் மாட்டி நாங்கள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தவ்க்கேயும் ஆயர் ஈத்தாமிலிருந்து எங்களோடு காரில் வந்திருந்தார், நல்ல சட்டை போட்டுக்கொண்டு. என் கணவர் பேசுவார் என்று நான் ஒரு மூலையில் இடம் தேடினேன். அவர் தட்டை உறையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீயே போடு."

"எனக்கு முள் வைக்கத் தெரியாதே."

"மெதுவா விடு. அதுவா எறங்கும்."

பாடம் நடத்திப் பழகிய தைரியத்தில் எழுந்து நின்றேன். வெள்ளம் வந்ததையும், தாள்கள் கழன்றதையும், பக்கத்து அறையிலிருந்து நான் இத்தனை காலம் கேட்டதையும் சொன்னேன். இந்தப் பாட்டுக்கு நான் வைத்த பெயர் சிரிப்பு என்றும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. பிறகு முள்ளை விட்டேன். முள் சரியான இடத்தில் இறங்கிவிட்டது.

கடுகு பொரிந்தது. வாத்தியங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிளம்பின. டிரம்பெட் ஏறியது. இன்னும் ஏறியது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் அடங்கியது. அந்த மனிதர், பெயர் தெரியாத அந்த மனிதர், சிரித்தார். அறை முழுக்கச் சிரித்தது. தரையில் இருந்த மாணவர்கள் சிரித்தார்கள், என்சிக் சிரித்தார், தவ்க்கே தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். டிரம்பெட் எங்கள் எல்லோரையும் தூக்கிக்கொண்டு மேலே போனது.

முடிந்ததும் முதலில் பேசியது தவ்க்கேதான்.

"சிக்கு, இன்னொரு தடவை."

நான் தட்டிலிருந்து முள்ளைத் தூக்கி, ஓரத்துக்குக் கொண்டுபோய், மறுபடி விட்டேன்.